பாவித்த உதிரிப்பாகம் பூட்டிய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் கொழும்பில் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் பலரும் பஞ்சிகாவத்தைக் கடைகளில் வாங்கிய பாவித்த பாகங்களைக் கொண்டே வண்டியை ஓட்டினார்கள். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. அதில் தவறு எதுவும் இல்லை. ஜப்பானில் ஒழுங்காகக் கழற்றப்பட்ட ஒரு மூலப் பாகம், பளபளப்பான பெட்டியில் வரும் போலிப் பாகத்தைவிடப் பல ஆண்டுகள் கூடுதலாக உழைக்கும் என்பதை என் கையால் பூட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கொட்டாஞ்சேனையில் நான் நடத்தும் கராஜுக்கு வரும் வண்டிகளில் கணிசமானவை, வேறிடத்தில் பாவித்த பாகம் பூட்டிய பிறகும் பழைய கோளாறு தீராமல் அல்லது புதுக் கோளாறோடு வருபவை. கடை முதலாளி மாற்றித் தருவதற்குக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் சில நாள்கள்தான். அந்த நாள்களுக்குள் ஒரே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: குற்றம் வாங்கிய பாகத்தில் இருக்கிறதா, பூட்டிய விதத்தில் இருக்கிறதா, அல்லது வண்டியில் முன்பே இருந்த வேறொரு கோளாறில் இருக்கிறதா? கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கேள்விக்கான சோதனைகளே. செலவில்லாததை முதலிலும், கை கடிக்கும் செலவைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

பூட்டுவதற்கு முன்

கழற்றிய பழைய பாகத்தை, புதிதாக வாங்கியது சரியாக வேலை செய்யும் வரை எவருக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கமாக வைத்து, பாக இலக்கம், பிளக்கில் உள்ள பின்களின் எண்ணிக்கை, போல்ட் துளைகளின் இடைவெளி, புலியின் (பெல்ட் ஓடும் சக்கரத்தின்) வரிப்பள்ளங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, இரண்டும் ஒரே படத்தில் தெரியும்படி கைபேசியில் எடுத்து வையுங்கள். கடைக்காரர் பாகத்தின் மீது இட்ட பெயின்ற் அடையாளத்தை அல்லது ஒட்டிய ஸ்டிக்கரைத் துடைக்கவோ உரிக்கவோ கூடாது. அது போனால் மாற்றித் தரும் பேச்சும் போய்விடும். பில்லில் பாகத்தின் பெயரோடு வண்டியின் மொடல் குறியீட்டையும் அவகாச நாள்களையும் எழுதி வாங்குங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் பாகங்களும் சந்தைக்கு வந்து சேரும். 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கியபோது எத்தனை வண்டிகள் நீருக்குள் நின்றன என்பதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரப் பாகம் எதுவானாலும் பிளக்கின் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். பின்களின் அடியில் பச்சைப் பூப்போ, மூலைகளில் மாவு போன்ற மெல்லிய சேறோ தெரிந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதைக் கீழே வைத்துவிடுங்கள். வெளிப்பக்கத்தைக் கழுவிவிடலாம், பின்களின் அடியில் படிந்ததைக் கழுவ எவராலும் முடியாது.

அறிகுறி: எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை

எஞ்சினையோ எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியையோ மாற்றிய பிறகு வரும் சிக்கல் இது.

சுற்றிக்கொண்டே இருந்தால், முதலில் பூட்ட மறந்தவற்றைத் தேடுங்கள்: செருகாத பிளக், இறுக்காத எர்த் வயர், எரிந்த பியூஸ், கழன்று தொங்கும் வெற்றிடக் குழாய். பத்தில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும். அடுத்து சென்சர்களைப் பாருங்கள். ஒரே எஞ்சின் குறியீடு கொண்ட இரண்டு எஞ்சின்களில், ஆண்டு வேறுபட்டால் சென்சர்களும் இன்ஜெக்டர்களும் வேறாக இருக்கலாம். வாங்கிய எஞ்சினோடு வந்ததைக் கழற்றிவிட்டு, பழைய எஞ்சினில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த சென்சர்களைப் பூட்டிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடிகளில் நின்றுவிட்டால், அல்லது சாவியைத் திருப்பிய பின்னும் மீற்றர் பலகையில் சாவிப் படம் போட்ட விளக்கு அணையாமல் மின்னிக்கொண்டிருந்தால், இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி சாவியை ஏற்கவில்லை என்று கொள்ளலாம். பாவித்த கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் முந்தைய வண்டியின் சாவிக் குறியீடு பதிந்திருக்கிறது; பிளக்கும் இலக்கமும் ஒன்றாக இருந்தாலும் அது உங்கள் சாவியை ஏற்றுக்கொள்ளாது. பழைய பெட்டியை மீண்டும் செருகிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் விடை கிடைத்துவிட்டது. அப்போது இரண்டு வழிகள்தான் உண்டு: ஒரே வண்டியிலிருந்து வந்த பெட்டி, இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரு செட்டாக வாங்குவது, அல்லது குறியீட்டை மாற்றி எழுதும் கருவி வைத்திருக்கும் ஓட்டோ எலக்ட்ரிஷியனிடம் கொடுப்பது. வயரை வெட்டி ஒட்டிப் பார்க்கலாம் என்று எவராவது சொன்னால் வண்டியை அங்கிருந்து எடுத்துச் செல்லுங்கள்.

அறிகுறி: பற்றரி விளக்கு எரிகிறது, அல்லது காலையில் பற்றரி செத்திருக்கிறது

இது பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஒல்டர்னேற்றரைப் பாவித்ததாக வாங்கிப் பூட்டும்போது வரும் கோளாறு. இதற்கு வேண்டியது ஒரு மல்டிமீற்றர் மட்டுமே. அது இல்லாமல் ஒல்டர்னேற்றர் வாங்கப் புறப்பட வேண்டாம்.

எஞ்சின் ஓடும்போது விளக்கு எரிந்தால், முதலில் பெல்ட்டின் இறுக்கத்தையும் பிளக் ‘டிக்’ என்ற சத்தத்தோடு பூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பிறகு ஹெட்லைட், குளிரூட்டி இரண்டையும் போட்டுவிட்டுப் பற்றரியின் இரு முனைகளிலும் அளவெடுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ற் வரை வந்தால் ஒல்டர்னேற்றர் நலமாக இருக்கிறது. சுமை போடாமல் அளக்கக் கூடாது. சில புதிய வண்டிகள் சுமை இல்லாத நேரத்தில் வேண்டுமென்றே வோல்ற்றைக் குறைத்து வைத்திருக்கும், அதைப் பார்த்து நல்ல பாகத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. 15 வோல்ற்றைத் தாண்டினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ரெகுலேற்றர் போய்விட்டது, அந்த நிலையில் வீடு வரைகூட ஓட்டக் கூடாது, பற்றரி கொதிப்பதோடு கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் எரியக்கூடும்.

அளவு குறைவாக இருந்தால், ஒல்டர்னேற்றரைக் குறை சொல்லும் முன் எர்த்தைப் பாருங்கள். வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம்முடைய கொறோலாவைக் கொண்டுவந்தார். ஒரே மாதத்தில் மூன்று ஒல்டர்னேற்றர்கள் மாற்றப்பட்டிருந்தன. “தம்பி, இரண்டு முறையும் முதலாளி முகம் கோணாமல் மாற்றித் தந்தார், எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது” என்றார். எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டு, மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் மறை முனையிலும் மற்றதை எஞ்சின் உடலிலும் வைத்தேன். 0.2 வோல்ற்றுக்குள் நிற்க வேண்டிய அளவு 1.3இல் நின்றது. எஞ்சினிலிருந்து சட்டத்துக்கு வரும் பின்னல் வயரின் முனையைக் கழற்றினால், போல்ட்டின் கீழே காசளவுக்குக் கறள். உப்புத்தாள் கொண்டு தேய்த்து மீண்டும் பூட்டியபோது 14.2 வோல்ற் வந்தது. திருப்பிக் கொடுக்கப்பட்ட முதல் இரண்டு ஒல்டர்னேற்றர்களும் நல்லவையாகத்தான் இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அன்றிலிருந்து எந்த மின்சாரப் பாகத்தைப் பூட்டும் முன்னும் எர்த்தை அளந்துவிட்டே தொடங்குகிறேன்.

பகலில் எல்லாம் சரியாக இருந்து, காலையில் பற்றரி செத்துப்போயிருந்தால், விடியற்காலையில் வண்டியைத் தொடும் முன் ஒல்டர்னேற்றரின் மீது கையை வைத்துப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியில் அது வெதுவெதுப்பாக இருந்தால், உள்ளே டயோட் கசிந்து பற்றரியைக் குடிக்கிறது. உறுதி செய்ய, எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடிச் சிறிது நேரம் விட்ட பின், பற்றரியின் மறை வயரோடு மீற்றரைத் தொடராக இணைத்து மின்னோட்டத்தை அளக்கலாம். 50 மில்லி அம்பியருக்கு மேல் ஓடி, ஒல்டர்னேற்றர் வயரைக் கழற்றியதும் அது இறங்கினால், குற்றம் பாகத்தில் என்பதற்குச் சான்று கையில் இருக்கிறது. கழற்றிப் பூட்டும்போது பற்றரி முனையை முதலில் விலக்க மறக்க வேண்டாம்.

கீச்சிடும் சத்தம் வந்தால், பெல்ட்டைக் கழற்றிப் புலியைக் கையால் சுழற்றுங்கள். கரகரப்புத் தெரிந்தால் பெயாரிங் போய்விட்டது. அது மலிவான வேலை, முழுப் பாகத்தையும் மாற்ற வேண்டியதில்லை. புலியின் வரிப்பள்ளங்களின் எண்ணிக்கை பெல்ட்டோடு பொருந்தாவிட்டால் என்ன இறுக்கினாலும் சத்தம் நிற்காது.

அறிகுறி: சூட்டு முள் ஏறுகிறது

முள் நடுவைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்கக் கூடாது.

நெரிசலில் மட்டும் ஏறி, வேகமாகப் போகும்போது இறங்கினால் காற்றாடியைப் பாருங்கள். பாவித்த காற்றாடி மோட்டரைப் பூட்டும்போது வயர்கள் மாறிவிட்டால் அது எதிர்ப்புறமாகச் சுழன்று காற்றை முன்னால் தள்ளும். ஒரு தாளை றேடியேற்றரின் முன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் வயர் மாறியிருக்கிறது.

எப்போதும் ஏறினால், ஆறிய பின் நீர் மட்டத்தைப் பார்த்து, அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள். பிறகு மூடி. மூடியில் அழுத்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். பாவித்த றேடியேற்றரோடு வந்த மூடி 88 கிலோ பஸ்காலாகவும் உங்கள் வண்டிக்குரியது 108 ஆகவும் இருக்கலாம். புது மூடியும் புது தேமோஸ்டாற்றும் சேர்ந்தாலும் பெரிய செலவில்லை, அவற்றைப் பாவித்ததாக வாங்கவே வேண்டாம். அதன் பின்னும் ஏறினால் றேடியேற்றரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கக்கூடும். முன் பக்கத்தைக் கையால் மெதுவாகத் தடவிப் பார்க்கும்போது ஒரு பகுதி சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் அடைப்பு உறுதி (காற்றாடியின் வயரைக் கழற்றிய பின்பே இதைச் செய்யுங்கள்). அவகாசத்துக்குள் திருப்பிக் கொடுங்கள்.

மூடியைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டபோது நீரில் குமிழிகள் ஓயாமல் வந்தால், தலைக் கேஸ்கெட் வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு நீருக்குள் புகுகிறது. அதோடு உங்கள் வேலை முடிந்தது. தலையைக் கழற்றி, லேத் பட்டறையில் வளைவைப் பார்க்கும் கட்டம் இது.

அறிகுறி: பாவித்த எஞ்சின் புகைக்கிறது, ஒயில் குடிக்கிறது

நீலப் புகை காலையில் முதல் தடவை மட்டும் வந்து மறைந்தால், வால்வு சீல்கள் நீண்ட நாள் கிடந்து இறுகியிருக்கின்றன. வண்டியை ஓட்டலாம், வசதிப்படும்போது மாற்றலாம். எந்நேரமும் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சின் மூச்சுவிடும் பிசிவி வால்வு. குலுக்கினால் உள்ளே ஒலி வர வேண்டும். அடைபட்ட வால்வால் எஞ்சின் ஒயில் குடித்ததைப் பிஸ்டன் வளையம் என்று முடிவுசெய்து எஞ்சினைப் பிரித்த கதைகள் என் காதுக்கு வந்திருக்கின்றன.

அது சரியாக இருந்தால் அழுத்தச் சோதனை. எஞ்சின் சூடாக இருக்க, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, பெற்றோலையும் இக்னிஷனையும் துண்டித்து, எக்ஸிலரேற்றரை முழுதாக மிதித்து, நல்ல பற்றரியைக் கொண்டு சுழற்ற வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே சுமார் 1 பாருக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஒயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு ஏறினால் வளையம், ஏறாவிட்டால் வால்வு. இந்த எண்களைக் கைபேசியில் படமெடுத்து முதலாளியிடம் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும். “புகைக்கிறது” என்று மட்டும் சொன்னால் “கொஞ்சம் ஓடட்டும், சரியாகிவிடும்” என்ற பதிலோடு அவகாசம் கரைந்துவிடும்.

இனிப்பு மணத்தோடு வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஒயில் மூடியின் உட்புறத்தில் பால் போன்ற களிம்பு திரண்டிருந்தாலோ ஓட்ட வேண்டாம், மெக்கானிக்கை அழையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பதிவுச் சான்றிதழில் எஞ்சின் இலக்கம் இருக்கிறது. எஞ்சினை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். ஆகவே, எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். பொறித்த இலக்கத்தின் மீது அரத்தால் தேய்த்த தடம் தெரிந்தால் அந்த எஞ்சினைத் தொட வேண்டாம். மலிவாகக் கிடைத்தது என்று எடுத்துவந்து, பின்னர் பொலிஸ் நிலையத்தில் விளக்கம் சொல்ல நேர்ந்தால் லாபம் எதுவும் மிஞ்சாது.

அறிகுறி: கியர் வழுக்குகிறது, உதைக்கிறது, அல்லது ஏறுவதில்லை

ஓட்டோ கியர்பொக்ஸ் பெருந்தொகை. இங்கு அவசரமே எதிரி.

எந்தக் கியரும் ஏறாவிட்டால் முதலில் ஒயில் மட்டம், பிறகு கியர் கேபிளின் சீரமைப்பு. அளவுக் கோல் உள்ள வண்டியில், ஒயில் சூடேறிய பின் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். கோல் இல்லாத வண்டியில், குறித்த வெப்பநிலையில் வழிவுப் போல்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது. பூட்டிய முதல் நாளே இயக்கமின்றி உலோகச் சத்தம் வந்தால், டோர்க் கொன்வேட்டர் கடைசி வரை உள்ளே போய் உட்காராமல் போல்ட் இறுக்கப்பட்டிருக்கலாம். கொன்வேட்டர் சரியாக உட்கார்ந்திருந்தால், கியர்பொக்ஸை எஞ்சினோடு சேர்த்த பின்னும் அதற்கும் பிளேட்டுக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும், கையால் சுழற்றவும் முடியும். இடைவெளியில்லாமல் இழுத்து இறுக்கினால் உள்ளே ஒயில் பம்ப் உடையும். அது பூட்டியவரின் குற்றம். கடைக்காரர் ஏற்றுக்கொள்ளவும் மாட்டார்.

வழுக்கினால் ஒயிலின் வகையைக் கேளுங்கள். பெல்ட்டால் இயங்கும் சீவிடி கியர்பொக்ஸுக்குள் சாதாரண ஓட்டோ கியர் ஒயிலை ஊற்றினால் பெல்ட் வழுக்கிச் சில நாள்களிலேயே நிரந்தரச் சேதம் வரும். சரியான ஒயிலாக இருந்தும் அது கறுத்துத் தீய்ந்த மணம் வீசினால், கீழ்ச் சட்டியைக் கழற்றிக் காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு இயல்பானது. விரலில் குத்தும் உலோகச் சீவல்கள் இயல்பானவை அல்ல. படமெடுத்து, மூடி, திருப்பிக் கொடுங்கள்.

ஓடும், ஆனால் முன்பைப் போல இல்லை என்றால், 60 கிலோமீற்றர் வேகத்தில் எஞ்சின் சுழற்சி எவ்வளவு என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். முன்பைவிடத் தெளிவாக மேலே நின்றால், கடைசிப் பல்லிணை விகிதம் வேறான கியர்பொக்ஸைத் தந்திருக்கிறார்கள். டொயோட்டா வண்டிகளின் மொடல் தகட்டில் ‘ஏ/டிஎம்’ என்ற வரிசையில் அச்சின் குறியீடும் கியர்பொக்ஸின் குறியீடும் இருக்கும். வாங்கப் போகும் முன் அதைப் படமெடுத்துக்கொண்டு போவது இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளிவிடும். கியர் மாறும்போது உதைத்தால், சில வண்டிகளில் கியர்பொக்ஸை மாற்றிய பின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அளவீட்டுத் தரவைப் புதிதாகக் கற்பிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்கு உரிய ஸ்கேனர் வேண்டும்.

பழைய கியர்பொக்ஸ் உடைந்து போனதென்றால், அதன் சீவல்கள் றேடியேற்றருக்குள் உள்ள ஒயில் குளிர்விப்பானில் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் பூட்டினால், வாங்கிய நல்ல கியர்பொக்ஸும் அதே வழியில் போகும்.

அறிகுறி: குளிரூட்டி குளிர்ச்சி தருவதில்லை

ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிராவிட்டால் கொண்டென்சர் காற்றாடி. கொம்பிரஷர் இயங்கியும் குளிராவிட்டால் வாயு அளவும் கசிவும். கொம்பிரஷரின் இரு துவாரங்களும் மூடியில்லாமல் கடை அலமாரியில் திறந்து கிடந்திருந்தால், கொழும்பின் ஈரக் காற்று உள்ளே இறங்கியிருக்கும்; அதை வாங்கவே வேண்டாம். எது மாற்றினாலும் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரைப் புதிதாகப் போடுங்கள்.

ஹைபிரிட் வண்டிகளில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. அவற்றின் மின்சாரக் கொம்பிரஷருக்கு மின்காப்புத் தன்மையுள்ள தனி ஒயில் வேண்டும். சாதாரணக் கொம்பிரஷர் ஒயில் சிறிதளவு கலந்தாலும் மின்காப்புக் குறைந்து, உயர் மின்னழுத்தக் கசிவுக்கான எச்சரிக்கை வந்துவிடும். எந்த ஒயில் போட்டார்கள் என்பதைக் கேளுங்கள்; பதில் தடுமாறினால் வண்டியை ஹைபிரிட் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

அறிகுறி: ஹைபிரிட் எச்சரிக்கை முக்கோணம்

ஸ்கேனரில் பி0ஏ80 என்று காட்டினால் ஹைபிரிட் பற்றரியைச் சந்தேகிக்கிறது. முதலில் பின் இருக்கைப் பக்கத்தில் உள்ள காற்றுத் துவாரத்தின் வடிகட்டியைப் பாருங்கள். தூசி, முடி, துணிப் பஞ்சு அடைத்து பற்றரி சூடாவது சாதாரணமான காரணம், சுத்தம் செய்யச் செலவும் இல்லை. அதற்கடுத்து, பற்றரிக்குள் வரிசையாக உள்ள தொகுதிகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் கறள். அதன் பிறகே பலவீனமான தொகுதி.

இந்த இரண்டாவதையும் அதற்கு அப்பாலுள்ளதையும் நீங்களாகச் செய்யக் கூடாது. அக்வாவில் 20 தொகுதிகள், 144 வோல்ற். மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 28 தொகுதிகள், 201.6 வோல்ற். பாதுகாப்புப் பிளக்கைக் கழற்றினாலும் பற்றரிக்குள் இருக்கும் மின்சாரம் எங்கும் போவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமானது அது.

பாவித்த தொகுதி ஒன்றை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்பவரிடம், எல்லாத் தொகுதிகளின் கொள்ளளவையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். வயது பொருந்தாத ஒன்று நடுவில் இருந்தால், சில மாதங்களில் அடுத்தது விழும், பிறகு அதற்கடுத்தது. இந்தச் சுழலில் மூன்று முறை பணம் கட்டியவர்கள், முதலிலேயே முழுப் பற்றரியையும் வாங்கியிருந்தால் மிச்சப்பட்டிருப்பார்கள்.

அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அடியில் சத்தம், ஏபிஎஸ் விளக்கு

டயர் காற்றைச் சரிபாருங்கள். பிறகு முன் டயர்களை இடம் வலமாக மாற்றுங்கள். இழுக்கும் பக்கமும் மாறினால் குற்றம் டயரில். பாவித்த டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ எழுத்துகளின் முடிவில் உள்ள நான்கு இலக்கங்கள் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்: 2318 என்றால் 2018இன் 23ஆம் வாரம். மாறாவிட்டால் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து, ஸ்பிரிங் உயரம் ஒன்றா என்று பாருங்கள். கீழ்க் கையையோ நக்கிளையோ மாற்றியிருந்தால், பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விபத்து வண்டியிலிருந்து வந்த பாகத்தின் வளைவு, தரையில் கிடத்தினால்தான் கண்ணுக்குத் தெரியும். சொக் எப்சோபரின் தண்டில் ஒயில் ஈரம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். இவை எல்லாம் சரியென்றால் மட்டும் அலைன்மென்ற்.

ஹப்பை மாற்றியதும் ஏபிஎஸ் விளக்கு வந்தால், பற்கள் உள்ள வளையத்துக்குரிய இடத்தில் காந்த வளையம் உள்ள ஹப் வந்திருக்கலாம், அல்லது காந்தப் பக்கம் திரும்பிப் பூட்டப்பட்டிருக்கலாம்.

பிரேக் பாகங்களைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: பட்டை, ரப்பர் குழாய், மாஸ்டர் சிலிண்டர் மூன்றையும் பாவித்ததாக வாங்கக் கூடாது. டிஸ்க் வாங்குவதானால் அதன் ஓரத்தில் பொறித்த குறைந்தபட்சத் தடிப்போடு கலிப்பரால் அளந்து ஒப்பிடுங்கள்.

அறிகுறி: எதிரே வருபவர்கள் விளக்கடித்துத் திட்டுகிறார்கள்

இரவில் சுவருக்கு முன் நிறுத்திக் குறைந்த ஒளியைப் பாருங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு இடப் பக்கம் ஏற வேண்டும். வலப் பக்கம் ஏறினால், வலப்புறமாக வண்டி ஓட்டும் நாடொன்றின் ஹெட்லைட் உங்களுக்கு விற்கப்பட்டிருக்கிறது. திருகாணியால் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: எயார்பேக் விளக்கு

விளக்கோடு ஹோனும் வேலை செய்யாவிட்டால், ஸ்டியரிங்குக்குள் உள்ள சுருள் கேபிள் அறுந்திருக்கிறது. பாவித்த ஸ்டியரிங் ரெக்கைப் பூட்டும்போது சக்கரத்தைக் கட்டிவைக்காமல் சுழலவிட்டால் நேர்வது இது. மாற்றும் முன் பற்றரியைக் கழற்றி, குறைந்தது 90 விநாடிகள் பொறுக்க வேண்டும். அனுபவமில்லாதவர் கை வைக்கக் கூடாது.

விளக்கு எரியவே இல்லை என்பதும் அறிகுறிதான். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். எரியாவிட்டால், வெடித்த எயார்பேக்கை மறைக்க எவரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். பாவித்த வண்டியை வாங்குபவர்களும் இதைப் பார்க்க வேண்டும்.

பாவித்த எயார்பேக்கை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். டகாட்டா நிறுவனத்தின் எயார்பேக்குகளில் இருந்த அமோனியம் நைட்ரேற், வெப்பத்தாலும் ஈரத்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்லக் கெட்டு, வெடிக்கும்போது உலோகத் துண்டுகளைப் பயணிகள் மீது எறிந்தது. உயிர்கள் போயின, 2008இல் தொடங்கிய திரும்பப் பெறுதல் உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளுக்கு விரிந்து, 2017 ஜூனில் அந்த நிறுவனம் வங்குரோத்தானது. ஜப்பானியப் பழைய வண்டிகளிலிருந்து கழற்றப்பட்டவற்றில் அத்தகையது எது என்று கடையில் எவராலும் சொல்ல முடியாது. வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுவதும் உள்ள ஊர் நம்முடையது.

திருப்பிக் கொடுக்கப் போகும்போது

அளவெடுத்த எண்களின் படங்கள், பழைய பாகமும் வாங்கியதும் ஒன்றாக உள்ள படம், பில், அழியாத அடையாளம் ஆகிய நான்கோடும் காலையிலேயே போங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு எந்த முதலாளியும் பொறுமையாகக் கேட்க மாட்டார். பூட்டியவரையும் அழைத்துப்போக முடிந்தால் நல்லது. பில் இருந்தும் எழுதித் தந்த வாக்கைக் காப்பாற்ற மறுத்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முறைப்பாடு முடியும் வரை அந்தப் பாகத்தைப் பிரிக்காமல், அடையாளம் கலையாமல் வைத்திருங்கள்.